இரவில் ஒளிக்கோடு: படத்தில் தெரியும் குறையை வைத்துப் பிழையைப் பிடிப்பது

ஓடும் விளக்குகள் நீண்ட கோடுகளாக விழும் ஒளிக்கோட்டுப் படம் கெட்டுவிட்டால் பலரும் முதலில் கை வைப்பது ஷட்டர் நேரத்தில், அதாவது சென்சாரில் ஒளி விழும் நேரத்தில்தான். மங்கலாக இருந்தால் கூட்டுவார்கள், வெளுத்திருந்தால் குறைப்பார்கள். பகலில் இது சரிதான். இரவில் ஓடும் விளக்குகளை எடுக்கும்போது பாதிநேரம் இது நோய்க்குச் சம்பந்தமில்லாத மருந்து. ஏனென்றால் ஒரே ஃபிரேமுக்குள் இரண்டு எக்ஸ்போஷர்கள், அதாவது ஒளி சேரும் கணக்குகள், தனித்தனியாக நடந்துகொண்டிருக்கின்றன.

ஓடும் வண்டியின் விளக்கு, சென்சாரின் ஒரு புள்ளியைக் கண நேரத்தில் கடந்துவிடுகிறது. அந்தப் புள்ளிக்குக் கிடைத்த ஒளி அவ்வளவுதான். அதன்பிறகு ஷட்டர் 5 விநாடி திறந்திருந்தாலும் 30 விநாடி திறந்திருந்தாலும் அந்தக் கோடு இம்மியும் பிரகாசமாகாது. கோட்டின் பிரகாசத்தை முடிவு செய்பவை அப்பர்ச்சர் (லென்ஸின் துளை), ஐஎஸ்ஓ (சென்சாரின் உணர்திறன் அளவு), விளக்கின் வலிமை, அது ஃபிரேமில் நகரும் வேகம் ஆகியவை. கட்டடம், வானம், தெருவிளக்கு போன்ற அசையாதவை மட்டும் நேரம் ஏற ஏற வெளுத்துக்கொண்டே போகும். ஆகவே கோட்டுக்கு அப்பர்ச்சர், பின்னணிக்கு நேரம். கீழே வரும் பிழைகளில் பலவற்றுக்கு இந்த ஒரு வரியே சாவி.

சோதிக்கத் தொடங்கும் முன் கேமராவை ஒரு தெரிந்த நிலைக்குக் கொண்டு வாருங்கள்: மேனுவல் மோடு, ஐஎஸ்ஓ 100, எஃப்/8 (அப்பர்ச்சர் அளவு, எண் கூடக் கூடத் துளை சிறுக்கும்), 15 விநாடி, ரா ஃபைல் (கேமரா திருத்தாத மூலப் பதிவு), ஆட்டோ ஐஎஸ்ஓ அணைப்பு, மேனுவல் ஃபோகஸ், 2 விநாடி டைமர் அல்லது ரிமோட். வெளிச்சமுள்ள நகரச் சாலைக்கு இது ஏறக்குறைய பொருந்தும். ஆட்டோ ஐஎஸ்ஓவைத் தனியாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. மேனுவல் மோடில் இருந்தாலும் அது பின்னால் நின்று வேலை செய்யும். நீங்கள் நேரத்தைக் குறைத்தால் அது ஐஎஸ்ஓவை ஏற்றிவிடும். எதை மாற்றினாலும் படம் மாறவில்லை என்று குழம்புகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

பின்னணி நன்றாக இருக்கிறது, கோடுகள் மங்கல் அல்லது காணவே இல்லை

நேரத்தைக் கூட்டாதீர்கள். பின்னணிதான் வெளுக்கும்.

அப்பர்ச்சரை ஒரு ஸ்டாப், அதாவது ஒளி இரு மடங்காகும் ஒரு படி, திறந்து (எஃப்/11 என்றால் எஃப்/8, எஃப்/8 என்றால் எஃப்/5.6) நேரத்தைப் பாதியாக்குங்கள். பின்னணி அப்படியே இருக்கும், கோடு இரண்டு மடங்கு பிரகாசமாகும். ஐஎஸ்ஓவை 100இலிருந்து 200 ஆக்கி நேரத்தைப் பாதியாக்கினாலும் இதே விளைவுதான். நேரம் பாதியானதால் கோடு குட்டையாகிவிட்டால், அடுத்தடுத்து இரண்டு மூன்று படங்கள் எடுத்துப் பின்னால் சேர்த்துக்கொள்ளலாம். அதைப் பற்றிக் கீழே வருகிறது.

அந்தி நேரத்தில் இந்தக் குறை வந்தால் குற்றவாளி பெரும்பாலும் லென்ஸுக்கு முன்னால் மாட்டி ஒளியைக் குறைக்கும் என்டி ஃபில்டர். வானம் இன்னும் வெளிச்சமாக இருக்கிறது, எஃப்/8இல் கால் விநாடிதான் கிடைக்கிறது என்று 6 ஸ்டாப் ஃபில்டர் மாட்டுவார்கள். கணக்குப்படி 16 விநாடி கிடைத்துவிடும், பின்னணியும் சரியாக வரும். ஆனால் ஃபில்டர் வானத்தை மட்டும் பார்த்துக் குறைப்பதில்லை, கோட்டையும் 64 மடங்கு மங்கலாக்கிவிடுகிறது. சாலையில் நூறு வண்டி ஓடியிருந்தாலும் படத்தில் சாலை வெறிச்சோடிக் கிடக்கும். பகலில் ஆட்களை மறையச் செய்ய இதே தந்திரத்தைத்தான் பயன்படுத்துகிறார்கள். ஒளிக்கோட்டுக்கு ஃபில்டரைக் கழற்றிவிட்டுக் காத்திருப்பதே நல்லது. சூரியன் மறைந்து இருபது நிமிடத்திலிருந்து நாற்பது நிமிடத்துக்குள், வானத்தில் நீலம் எஞ்சியிருக்கும்போதே, எஃப்/8க்குப் பல விநாடி நேரம் தானாகக் கிடைக்கத் தொடங்கும். பூமத்திய ரேகையிலிருந்து தள்ளிப்போகப்போக இந்த நேரம் நீளும்.

நிற்கும் இடமும் ஒரு காரணம். வண்டி உங்களுக்குக் குறுக்காக ஓடினால் ஃபிரேமை வேகமாகக் கடக்கும், கோடு மெலியும். உங்களை நோக்கி வந்தாலோ விலகிப் போனாலோ ஒவ்வொரு புள்ளியிலும் அதிக நேரம் தங்கும், கோடு தடிக்கும். அப்பர்ச்சரைத் தொடாமல், பத்தடி நகர்ந்து சாலையின் வளைவைப் பார்த்து நின்றாலே பல சமயம் வேலை முடிந்துவிடும். சாலையோரத்தில் நிற்பதாக இருந்தால் வண்டிகள் வளைவில் நிலைதடுமாறினால் வந்து விழும் பக்கத்தில் மட்டும் நிற்க வேண்டாம்.

கோடுகள் வெள்ளைப் பட்டையாக உருகிவிட்டன

இதற்கு மூன்று காரணங்கள் உண்டு, மூன்றுக்கும் தீர்வு வேறு.

ஒன்று, அப்பர்ச்சர் அதிகம் திறந்திருக்கிறது. பின்விளக்குகளின் சிவப்பைப் பாருங்கள். சிவப்பு மஞ்சளாகவோ வெளிர் ஆரஞ்சாகவோ மாறியிருந்தால் சிவப்பு நிறத்தின் பதிவு உச்சத்தை முட்டிவிட்டது என்று பொருள். பொதுவான ஹிஸ்டோகிராமில் (ஒளி அளவுகளைக் காட்டும் வரைபடத்தில்) இது தெரியாமல் போகலாம், மூன்று நிறங்களையும் தனித்தனியாகக் காட்டும் ஹிஸ்டோகிராமைத் திறந்து பாருங்கள். எஃப்/11 வரை மூடுங்கள். எஃப்/16க்கு மேல் போனால் ஒளியின் விளிம்பு விளைவால் படம் முழுக்க மென்மையாகிவிடும் என்பதால், அதற்குமேல் தேவைப்பட்டால் அங்கே லேசான என்டி ஃபில்டர் மாட்டலாம்.

இரண்டு, ஒரே தடத்தில் பல வண்டிகள். தனியாக ஒரு வண்டியின் கோடு சரியாக இருந்தாலும் முப்பது வண்டிகளின் கோடுகள் ஒன்றன்மேல் ஒன்று விழும்போது ஒளி கூடிக்கொண்டே போகும். இங்குதான் நேரம் கோட்டைப் பாதிக்கிறது. நேரத்தைக் குறைத்துப் பல படங்களாக எடுத்துச் சேருங்கள். இல்லாவிட்டால் கறுப்பு அட்டை முறை: ஷட்டர் திறந்திருக்கும்போது லென்ஸுக்கு முன்னால், லென்ஸைத் தொடாமல், பளபளப்பில்லாத கறுப்பு அட்டையைப் பிடித்துக்கொண்டு, வேண்டிய வண்டி வரும்போது மட்டும் விலக்குங்கள். அட்டையின் லென்ஸைப் பார்க்கும் பக்கத்தில் தெருவிளக்கின் வெளிச்சம் பட்டு மின்னாமல் பார்த்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் சாம்பல் மூட்டம் பரவும்.

மூன்று, சிக்னல். சிவப்பு விளக்குக்கு வண்டிகள் நின்றால் கோடு முடியும் இடத்தில் வெள்ளைக் குழம்பு தேங்கும். பச்சை விழுந்து முதல் வண்டி நகர்ந்த பிறகு ஷட்டரைத் திறந்து, மஞ்சள் வரும்போது மூடுங்கள். சிக்னலின் சுழற்சியை ஒருமுறை கடிகாரம் வைத்து அளந்துகொண்டால் போதும், பிறகு எல்லாப் படமும் ஒரே கணக்கில் ஓடும்.

எதிரே வரும் முன்விளக்குகள் பின்விளக்குகளைவிடப் பல மடங்கு வலியவை. இரண்டையும் ஒரே எக்ஸ்போஷரில் அடக்குவது கடினம். வெள்ளைப் பட்டை திரும்பத் திரும்ப வந்தால், விலகிப் போகும் வண்டிகளின் பக்கத்துக்கு இடம் மாறுவதே சுலபம்.

கோடுகள் சரி, பின்னணி மட்டும் வெளுத்தது

நேரத்தைக் குறையுங்கள், வேறெதையும் தொட வேண்டாம். வானம் நள்ளிரவில் அழுக்கு ஆரஞ்சாக இருந்தால் அது நகர வெளிச்சம். நேரம் பாதியானாலே கருமை திரும்பும்.

பின்னணிக்கான நேரத்தைத் தேடுவதற்குக் குறுக்குவழி ஒன்று: ஐஎஸ்ஓ 6400இல் 1 விநாடி எடுத்துப் பாருங்கள். அதில் பின்னணி சரியாக இருந்தால் ஐஎஸ்ஓ 100இல் 64 விநாடி வேண்டும். நான்கு சோதனைப் படங்களைப் பத்து விநாடியில் முடித்துவிடலாம். ஆனால் இந்தச் சோதனைப் படத்தை வைத்துக் கோட்டை எடை போடாதீர்கள். ஐஎஸ்ஓ 6400இல் கோடு 64 மடங்கு பிரகாசமாகத் தெரியும், பயந்துபோய் அப்பர்ச்சரை மூடினால் உண்மையான படத்தில் கோடே இருக்காது.

கோடு சாலையின் நடுவில் தொடங்கி நடுவிலேயே முடிகிறது

ஷட்டர் நேரம் போதவில்லை. ஊகிக்காமல் கணக்குப் போடுங்கள். மணிக்கு 60 கி.மீ. வேகம் என்றால் விநாடிக்கு ஏறத்தாழ 17 மீட்டர். ஃபிரேமில் தெரியும் சாலை 200 மீட்டர் என்றால் வண்டி கடக்க 12 விநாடி. இரண்டு விநாடியாவது கூடுதலாக வைத்து, வண்டி ஃபிரேமுக்குள் நுழையும் முன்பே திறந்து, வெளியேறிய பிறகு மூடுங்கள். 2 விநாடி டைமரில் இருந்தால் அந்த இரண்டு விநாடியில் வண்டி 34 மீட்டர் உள்ளே வந்துவிட்டிருக்கும். நேரம் பார்த்துத் திறக்க வேண்டிய படங்களுக்கு ரிமோட்தான் சரி, டைமர் ஒத்துவராது.

கோடு புள்ளி புள்ளியாக விழுகிறது

கேமராவில் ஒரு கோளாறும் இல்லை. எல்இடி விளக்குகள் பலவற்றின் பிரகாசத்தை வேகமாக அணைத்து ஏற்றித்தான் குறைக்கிறார்கள். கண்ணுக்குத் தொடர்ச்சியாகத் தெரிவது, ஓடும்போது சென்சாரில் புள்ளிகளாகப் பிரிந்து விழுகிறது. அருகில் குறுக்காக ஓடும் வண்டிகளில் அதிகம் தெரியும். தூரத்தில் விலகிப் போகிறவற்றில் புள்ளிகள் நெருங்கி ஒட்டிக்கொள்ளும். ஆகவே தீர்வு, தள்ளி நிற்பது அல்லது கோணத்தை மாற்றுவது.

பெரிய இடைவெளியுடன் ஆரஞ்சுக் கீற்றுகள் வந்தால் அது திரும்பும் வண்டியின் இண்டிகேட்டர். நிமிடத்துக்கு 90 முறை மின்னும் விளக்கு 60 கி.மீ. வேகத்தில் போனால் கீற்றுகளுக்கிடையே 11 மீட்டர் வரும். அது அழகாகவே இருக்கும், அழிக்க வேண்டியதில்லை.

இந்தப் புள்ளிகள் சும்மா வருவதில்லை, வேகத்தைச் சொல்லிவிட்டுப் போகின்றன. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஃபிராங்க் கில்பிரெத், லில்லியன் கில்பிரெத் தம்பதியர் தொழிலாளர்களின் விரல்களில் சிறு விளக்குகளைக் கட்டி, ஷட்டரைத் திறந்து வைத்துக் கையசைவுகளைப் படமெடுத்தார்கள். விளக்கை வேண்டுமென்றே விட்டுவிட்டு எரியச் செய்து, புள்ளிகளின் இடைவெளியை வைத்துக் கை எங்கே வேகமாகப் போகிறது, எங்கே தயங்குகிறது என்று கண்டார்கள். உங்கள் படத்திலும் குறுக்காக ஓடும் வண்டியின் புள்ளிகள் நெருங்கும் இடம் அது வேகம் குறைத்த இடம்.

படம் தெளிவாக இல்லை

இந்தக் குறைக்குத்தான் காரணங்கள் அதிகம், ஊகங்களும் அதிகம். ஊகிக்கத் தேவையில்லை. படத்தில் தூரத்தில் நிற்கும் ஒரு சிறிய விளக்கைத் தேர்ந்தெடுத்து முழு அளவுக்குப் பெரிதாக்குங்கள். அந்த விளக்கின் வடிவமே காரணத்தைச் சொல்லிவிடும்.

விளக்கு உருண்டைத் தட்டாக இருந்தால் ஃபோகஸ் பிழை. இருட்டில் ஆட்டோ ஃபோகஸ் தடவித் தடவி எங்கோ நின்றுவிடும். லைவ் வியூவில் (கேமராத் திரையில் தெரியும் நேரடிக் காட்சியில்) தூரத்து விளக்கை 10 மடங்கு பெரிதாக்கி, ஃபோகஸ் வளையத்தைத் திருப்பி, விளக்கு மிகச் சிறிய புள்ளியாகும் இடத்தில் நிறுத்துங்கள். பிறகு மேனுவலுக்கு மாற்றி, வளையத்தின்மேல் ஒரு துண்டு டேப் ஒட்டிவிடுங்கள். லென்ஸில் உள்ள முடிவிலிக் குறியை நம்பி அங்கே கொண்டு நிறுத்தாதீர்கள். பல லென்ஸ்கள் அதையும் தாண்டித் திரும்பும், வெப்பநிலை மாறினாலும் புள்ளி சற்று நகரும். ஜூம் லென்ஸில் ஃபோகஸ் செய்தபின் ஜூமை மாற்றினால் பெரும்பாலும் ஃபோகஸ் நகர்ந்துவிடும், ஆகவே முதலில் ஜூம், பிறகு ஃபோகஸ்.

விளக்கு புழுப்போல நெளிந்தோ கொக்கி போட்டோ இருந்தால் அதிர்வு. கூர்மையான புள்ளியும் அதிலிருந்து கிளம்பும் சிறு வாலும் இருந்தால் தொடக்கத்தில் மட்டும் ஆட்டம் ஏற்பட்டிருக்கிறது, அதாவது விரலால் அழுத்தியது. டைமரோ ரிமோட்டோ போட்டால் போய்விடும். கண்ணாடி உள்ள டிஎஸ்எல்ஆரில் அந்தக் கண்ணாடியை முன்பே தூக்கி நிறுத்தும் மிரர் லாக்கப்பையும் போடுங்கள். 20 விநாடிப் படத்தில் கண்ணாடியின் ஆட்டம் பின்னணியில் தெரியாது, ஆனால் வலிய விளக்குகள் அந்த அரை விநாடியிலும் வால் விட்டுவிடும்.

நெளிவு முழுக்கப் பரவியிருந்தால் முக்காலியைப் பாருங்கள். நடுத்தண்டை முழுக்க இறக்குங்கள், அதை உயர்த்திய கணமே முக்காலி ஒற்றைக்காலி ஆகிவிடுகிறது. கால்களில் தடித்த பகுதியை முதலில் நீட்டுங்கள், மெலிந்த கடைசிப் பகுதி கடைசிக்குத்தான். கேமராப் பட்டை காற்றில் அடித்துக்கொண்டிருந்தால் கழற்றிவிடுங்கள். பையைக் கொக்கியில் தொங்கவிடுவது நல்லதுதான், ஆனால் அந்தரத்தில் ஆடும் பை ஊசல்போல ஆட்டத்தைக் கூட்டும். பையின் அடி தரையைத் தொட்டும் தொடாமலும் இருக்கட்டும். லென்ஸிலோ உடலிலோ உள்ள அதிர்வுத் தடுப்பை அணையுங்கள். புதிய கேமராக்கள் சில முக்காலியை உணர்ந்து தானே அடங்கிவிடும் என்றாலும், நீண்ட நேரத்தில் அது இல்லாத ஆட்டத்தைத் தேடி ஃபிரேமை மெல்ல நகர்த்துவது உண்டு. சந்தேகம் இருந்தால் போட்டு ஒன்று, அணைத்து ஒன்று எடுத்து அதே விளக்கை ஒப்பிடுங்கள்.

எல்லா விளக்குகளும் ஒரே திசையில், கீழ்நோக்கிச் சிறு நேர்க்கோடாக இழுபட்டிருந்தால் கேமராவைத் தாங்கும் முக்காலியின் பந்துத்தலை நழுவுகிறது. கனமான லென்ஸ் மாட்டினால் இது சகஜம். லென்ஸுக்குக் காலர் (முக்காலியில் பூட்டும் வளையம்) இருந்தால் கேமராவை விட்டுவிட்டுக் காலரை முக்காலியில் பூட்டுங்கள். தலையை இறுக்கியபின் பத்து விநாடி விட்டு எடுங்கள், இறுக்கம் அடங்கச் சற்று நேரம் ஆகும்.

சில படங்கள் கூர்மை, சில நெளிவு என்று மாறி மாறி வந்தால், நிற்கும் தரை அதிர்கிறது. மேம்பாலத்தில் லாரி போகும்போது பாலமே ஆடும், அங்கே எந்த முக்காலியும் உதவாது. இரண்டு தூண்களுக்கு நடுவே நிற்காமல் தூணுக்கு நேர்மேலே நில்லுங்கள், அங்கே ஆட்டம் குறைவு. அதுவும் போதாவிட்டால் 30 விநாடியை விட்டுவிட்டு 4 விநாடிப் படங்களாகப் பத்துப் பதினைந்து எடுத்து, நெளிந்தவற்றை எறிந்துவிட்டு மிச்சத்தைச் சேருங்கள்.

கடைசியாக, நிற்கும் விளக்குகள் கூர்மையாகவும் ஓடும் கோடுகள் மட்டும் அலையலையாகவும் இருந்தால் நீங்கள் திருத்த ஒன்றுமில்லை. மேடுபள்ளத்தில் வண்டி குதித்திருக்கிறது.

விளக்கைச் சுற்றி மூட்டம், பேய் வட்டங்கள், நட்சத்திரக் கதிர்கள்

முதல் படத்தில் இல்லாத மூட்டம் அரைமணி நேரத்தில் மெல்ல மெல்லக் கூடியிருந்தால் லென்ஸில் பனி படிந்திருக்கிறது. துடைத்தால் திரும்ப வரும், ஏனென்றால் கண்ணாடி சுற்றியிருக்கும் காற்றைவிடக் குளிர்ந்துவிட்டது. லென்ஸைச் சுற்றிக் கட்டும் சூடேற்றும் பட்டைதான் நிலையான தீர்வு. லென்ஸ் ஹூட் போடுவது படிவதைத் தாமதப்படுத்தும். முதல் படத்திலிருந்தே மூட்டம் இருந்தால் விரல்ரேகை.

பச்சையாகவோ வெளிறியோ மிதக்கும் வட்டங்களைப் படத்தின் மையத்துக்கு எதிர்ப்புறம் பிரதிபலித்துப் பாருங்கள். சரியாக அங்கே ஒரு வலிய விளக்கு இருந்தால், முன்னால் மாட்டியிருக்கும் யுவி ஃபில்டருக்கும் சென்சாருக்கும் இடையே ஒளி துள்ளுகிறது. இரவில் அந்த ஃபில்டரால் ஒரு பயனும் இல்லை, கழற்றிவிடுங்கள்.

தெருவிளக்குகளில் கதிர்கள் முளைப்பது அப்பர்ச்சர் இதழ்களால். இதழ்கள் இரட்டைப்படை என்றால் அதே எண்ணிக்கைக் கதிர், ஒற்றைப்படை என்றால் இருமடங்கு. 9 இதழுக்கு 18 கதிர். பிடிக்காவிட்டால் எஃப்/5.6 பக்கம் திறங்கள். அதனால் கோடு பிரகாசமாகும் என்பதை மறக்காமல் ஐஎஸ்ஓவைக் கீழே வைத்துச் சமன் செய்யுங்கள்.

சிவப்பு, நீலம், வெள்ளைப் புள்ளிகள், எடுத்தபின் கேமரா உறைந்துபோவது

ஒவ்வொரு படத்திலும் அதே இடத்தில் வண்ணப் புள்ளிகள் இருந்தால் அவை ஹாட் பிக்சல்கள். சென்சார் சூடாகச் சூடாக, நேரம் நீள நீள அவை கூடும். லாங் எக்ஸ்போஷர் நாய்ஸ் ரிடக்‌ஷன் இதற்காகத்தான் இருக்கிறது. படம் எடுத்ததும் ஷட்டரை மூடியபடி அதே நேரத்துக்கு இன்னொரு இருட்டுப் படத்தை எடுத்து, அதில் தெரியும் புள்ளிகளைக் கழித்துவிடும்.

கேமரா உறைந்துவிட்டது என்று பேட்டரியைக் கழற்றுபவர்கள் உண்டு. உறையவில்லை, 60 விநாடிப் படத்துக்கு இன்னொரு 60 விநாடி இருட்டுப் படம் எடுத்துக்கொண்டிருக்கிறது. அது முடியும்வரை விட்டுவிடுங்கள், கழற்றினால் படமும் போய்விடும்.

தனிப்படத்துக்கு இதைப் போடலாம். தொடர்படங்களுக்கு அணைத்தே ஆக வேண்டும், இல்லாவிட்டால் பாதி நேரம் கண்ணை மூடிக்கொண்டிருக்கும். அதற்குப் பதில் எல்லாம் முடிந்தபின் லென்ஸ் மூடியைப் போட்டு, அதே ஐஎஸ்ஓ, அதே நேரத்தில் ஐந்தாறு படங்கள் எடுத்து வைத்துக்கொண்டு, கணினியில் கழித்துக்கொள்ளுங்கள். வீட்டுக்கு வந்து எடுத்தால் சென்சாரின் சூடு வேறாகிவிடும், அங்கேயே எடுங்கள்.

30 விநாடிக்கு மேல் போக முடியவில்லை

பல்ப் மோடு வேண்டும், அதில் பொத்தானை அழுத்திப் பிடித்திருக்கும்வரை ஷட்டர் திறந்தே இருக்கும். பல கேமராக்களில் அது தனி டயல் நிலை, சிலவற்றில் மேனுவல் மோடில் 30 விநாடியைத் தாண்டித் திருப்பினால் வரும். திருப்பியும் வராவிட்டால் சத்தமில்லா எலக்ட்ரானிக் ஷட்டர், பிராக்கெட்டிங் (ஒரே காட்சியை வெவ்வேறு ஒளி அளவில் தொடர்ந்து எடுப்பது) இரண்டையும் அணைத்துப் பாருங்கள், அவை போட்டிருந்தால் பல மாடல்கள் பல்ப்பை மறைத்துவிடும். பல்ப்பில் விரலால் அழுத்திப் பிடிப்பது படத்தைக் கெடுக்கவே, பூட்டும் வசதியுள்ள ரிமோட் வாங்கிக்கொள்ளுங்கள்.

நிறம் சேறு போல இருக்கிறது

வெள்ளைச் சமநிலையை ஆட்டோவில் விட்டால் வண்டி வரவரப் படத்துக்குப் படம் நிறம் மாறும், சேர்க்கும்போது தொல்லை. 3500 கெல்வின் பக்கம் நிலையாக வைத்து, ராவில் எடுத்துப் பிறகு திருத்துங்கள். குறைந்த அழுத்த சோடியம் விளக்கின் கீழ் எடுத்தது மட்டும் எப்படித் திருகினாலும் சரியாகாது. அந்த விளக்கு ஏறக்குறைய 589 நானோமீட்டர் என்ற ஒரே மஞ்சளைத்தான் தருகிறது, இல்லாத நிறத்தை மீட்க முடியாது. அதைக் கறுப்பு வெள்ளையாக்கிவிடுவது மேல்.

பல படங்களைச் சேர்த்தால் கோட்டில் இடைவெளி

சேர்க்கும் முறை எளிது: படங்களை அடுக்கி, மேலுள்ள எல்லாவற்றுக்கும் லைட்டன் பிளெண்ட் மோடு. ஒவ்வொரு புள்ளியிலும் எது பிரகாசமோ அது நிற்கும். பின்னணி கூடி வெளுக்காது, கோடுகள் மட்டும் பெருகும். இலவசப் பட மென்பொருளான கிம்ப்பிலும் இது உண்டு, நட்சத்திரக் கோடுகளுக்கு ஸ்டார்ஸ்டாக்ஸ் என்ற மென்பொருள் போதும். ஒலிம்பஸ் கேமராக்களில் 2014இலிருந்து வந்த லைவ் காம்போசிட் இதையே கேமராவுக்குள் செய்கிறது.

இடைவெளி வருவது படங்களுக்கு நடுவே ஷட்டர் மூடியிருந்த நேரத்தால். நட்சத்திரம் மணிக்கு 15 பாகைதான் நகர்கிறது, அகன்ற லென்ஸில் ஒரு விநாடி இடைவெளி கண்ணுக்குத் தெரியாது. 60 கி.மீ. வேக வண்டிக்கு அதே ஒரு விநாடி 17 மீட்டர் ஓட்டை. ஆகவே வண்டிகளுக்கு, குறித்த இடைவெளியில் தானே படமெடுக்கும் இன்டர்வெல் டைமரைப் பயன்படுத்த வேண்டாம். கன்டினியுவஸ் டிரைவில் போட்டு, ரிமோட்டைப் பூட்டிவிடுங்கள், ஒரு படம் முடிந்ததும் அடுத்தது உடனே தொடங்கும்.

நட்சத்திரத்துக்கு இன்டர்வெல் வைப்பவர்களுக்கு ஒரு பொறி: பெரும்பாலான கேமராக்களில் 30 விநாடி என்று எழுதியிருப்பது உண்மையில் 32 விநாடி. ஷட்டர் எண்கள் இரட்டித்துப் போகும் வரிசை (1, 2, 4, 8, 16, 32), 15, 30 என்பவை முழுமையாக்கிய பெயர்கள். ஆகவே 31 விநாடி இடைவெளி வைத்தால், அடுத்த கட்டளை வரும்போது முந்தைய படம் இன்னும் முடிந்திருக்காது. சில மாடல்கள் அந்தக் கட்டளையை விட்டுவிடும், ஒன்றுவிட்டு ஒன்றாகத்தான் படம் விழும். 33 அல்லது 34 வையுங்கள்.

டார்ச்சால் வரையும்போது

வரைபவர் ஆவியாகத் தெரிந்தால், டார்ச் அவர்மேலேயே பட்டிருக்கிறது அல்லது ஒரே இடத்தில் நின்றிருக்கிறார். பளபளப்பில்லாத கருப்பு உடை, ஓயாத நகர்வு இரண்டும் போதும். கோட்டின் முனைகளிலும் மூலைகளிலும் வெள்ளை உருண்டை தேங்கினால் அங்கே கை தயங்கியிருக்கிறது. கையை அசைக்கத் தொடங்கியபின் டார்ச்சைப் போட்டு, அசைவு நிற்கும் முன்பே அணையுங்கள். கோடு முழுவதுமே வெள்ளையாக எரிந்தால் டார்ச்சின் முகப்பில் வண்ண செல்லோஃபேனை இரண்டு மூன்று மடிப்பாகச் சுற்றுங்கள், நிறமும் கிடைக்கும்.

எழுத்து இடவலம் மாறி விழுவது எல்லாருக்கும் முதல்முறை நடக்கும். கேமராவைப் பார்த்து எழுதினால் அப்படித்தான். நேராக எழுதிவிட்டுக் கணினியில் படத்தைப் புரட்டுங்கள், பின்னணியில் பெயர்ப்பலகை இருந்தால் மட்டும் இடவலம் மாற்றி எழுதப் பழக வேண்டியிருக்கும்.

போனில் கோடு துண்டு துண்டாக வருகிறது

நைட் மோடை அணையுங்கள். அது குறுகிய படங்கள் பலவற்றை எடுத்து, ஒன்றோடொன்று பொருத்தி, அசைந்தவற்றைக் குறை என்று கருதிக் களைந்துவிடுகிறது. நமக்கு வேண்டியதே அசைந்ததுதான். புரோ மோடில் ஐஎஸ்ஓவை ஆகக் குறைவாக, ஷட்டரை 4 முதல் 10 விநாடி வரை வைத்து, முக்காலியில் பூட்டி, 3 விநாடி டைமரில் எடுங்கள்.

பெரும்பாலான போன்களில் அப்பர்ச்சரை மாற்ற முடியாது, எஃப்/1.8 போல அகலத் திறந்தே இருக்கும். ஆகவே கோட்டின் பிரகாசத்துக்கு ஐஎஸ்ஓ ஒன்றே கடிவாளம். குறைந்தபட்ச ஐஎஸ்ஓவிலும் கோடு எரிந்தால் போனுக்கான கிளிப் என்டி ஃபில்டர் மாட்டலாம், மேலே திட்டிய அதே ஃபில்டர் இங்கே கைகொடுக்கும். பின்னணி மட்டும் வெளுத்தால் 2 விநாடிப் படங்களாக எடுத்து லைட்டனில் சேருங்கள்.

புரோ மோடு இல்லாத ஐபோனில் லைவ் போட்டோ எடுத்து லாங் எக்ஸ்போஷர் விளைவைத் தேர்ந்தெடுக்கலாம், ஐஓஎஸ் 11இலிருந்து இருக்கிறது. ஆனால் லைவ் போட்டோவின் மொத்த நீளம் 3 விநாடி. 60 கி.மீ. வேக வண்டி அதற்குள் 50 மீட்டர்தான் ஓடும். ராட்டினத்துக்கும் நீரூற்றுக்கும் அது போதும், நெடுஞ்சாலை வளைவுக்குப் போதாது.